நிலவு பார்த்துக் குறித்த நாள்

இப்போதெல்லாம் ஒரு மலைக்குப் போவதென்று முடிவெடுத்த அரை மணி நேரத்துக்குள், அந்த மலையின் உச்சியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ, அடிவாரத்துக் கடையின் டீக்கு யாரோ போட்ட நட்சத்திரம், நாளைப் பகல் இரண்டு மணிக்கு அங்கே எத்தனை டிகிரி வெயில் என்ற கணக்கு எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. நாங்கள் சித்தன்னவாசலுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வருவதென்று முடிவெடுத்த காலத்தில், முடிவுக்கும் பயணத்துக்கும் நடுவே ஒரு பருவமே கிடந்தது. அந்தப் பருவம் முழுக்க அந்த மலையைப் பற்றியே பேசினோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர், அன்னவாசல் போகிற பாதையில், மரம் அதிகமில்லாத ஒரு கருங்கல் குன்று. அதற்கா அத்தனை நாள் ஏற்பாடு என்று இன்றைக்குச் சிலர் கேட்கலாம். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் அப்படி ஒரு குன்று நிச்சயம் இருந்திருக்கும், பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலில் தெரிகிற, ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த குன்று. அதற்குப் போகாமலே அதைப் பற்றிப் பேசிய சாயங்காலங்களை நினைத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது விளங்கும்.

1980களின் தொடக்கம். மன்னர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். வகுப்பு முடிந்து கீழ ராஜ வீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், கடைக்காரர் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டு, அடுத்த ஈடு பாலைக் காய்ச்சி இறக்கும் வரை எழுந்திருக்க மாட்டோம். சித்தன்னவாசல் பேச்சை எடுத்தவன் எங்களில் வரலாறு படித்தவன். கே.ஆர். வேங்கடராமய்யர் பதிப்பித்து 1938 முதல் 1944 வரை வெளிவந்த புதுக்கோட்டை சமஸ்தான மானுவல் நூலகத்தில் இருந்தது. தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் புத்தகம். வெளியே எடுத்துப்போகத் தரமாட்டார்கள். அவன் அங்கேயே உட்கார்ந்து சித்தன்னவாசல் பக்கங்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கியபடியே எங்களுக்குப் படித்துக் காட்டுவான். மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. மகேந்திரவர்மன் காலத்தது என்று முன்பு நினைத்தார்கள். பிறகு அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்றது. இதையெல்லாம் அவன் ஒரே நாளில் சொல்லிவிட மாட்டான். இன்றைக்கு ஒரு பக்கம், மறுநாள் ஒரு பக்கம். தொடர்கதைக்குக் காத்திருக்கும் ஆவலோடு ஒரு பாறையின் சரித்திரத்துக்குக் காத்திருந்தோம். அதே விவரங்கள் இன்று கைப்பேசியில் மூன்று வரியில் வந்துவிடுகின்றன, வருவது நல்லதுதான். ஆனால் இளங்கௌதமன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு இன்றும் நாக்கில் ஏலக்காய் டீயின் ருசி தட்டுகிறதே, அதை அந்த மூன்று வரி எங்கிருந்து தரும்?

வழி சொன்னவர் ஒரு நண்பனின் அப்பா. அன்னவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக இருந்தவர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்ததில் வேலை போய், திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மனதுக்குள் சர்வே எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கேட்க ஆள் இல்லை. நாங்கள் போய்க் கேட்டோம். பழைய அடங்கல் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒரு மாலை முழுக்க படம் போட்டுக் கொடுத்தார். அளவு கிடையாது, திசை காட்டும் அம்பு கிடையாது. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணி, எந்தக் கிணற்றில் உவர், எந்த வேலியில் ஆள் நுழையும் சந்து, யார் வீட்டு நாய் குரைப்பதோடு நிற்காது என்பதெல்லாம் அதில் இருந்தன. “அறுப்பு முடிஞ்சிருக்கும், வயல்ல குறுக்க நடக்கலாம். கடலை போட்டிருந்தா மட்டும் வரப்பை விட்டு இறங்காதிய” என்றார். இன்றைய வரைபடம் நான் நிற்கும் இடத்தை நீலப் புள்ளியாகக் காட்டுகிறது. அது என்னைப் பற்றிய படம். அவர் போட்டது அந்த ஊரைப் பற்றிய படம்.

நாள் குறிப்பது அடுத்த வேலை. தை முடியட்டும் என்றார். தைப்பூசத்துக்கு விராலிமலைக்குக் காவடி போகும். அந்தப் பக்கத்து பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. பங்குனி பிறந்துவிட்டால் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பாசி பிடித்த பாறையில் கால் நிற்காது. மிஞ்சியது மாசி. மாசியிலும் வளர்பிறை, அதிலும் பௌர்ணமிக்கு முந்தின நாள். பௌர்ணமியன்றே போனால் என்ன என்று கேட்டோம். “பௌர்ணமியன்னைக்குப் பொழுது விழுகிறதும் சந்திரன் கிளம்புறதும் ஒரே நேரம். அது மரத்துக்கு மேல வர்ற வரைக்கும் இருட்டுத்தான். முந்தின நாளுன்னா பொழுது இருக்கையிலேயே சந்திரன் மேல வந்து நிக்கும். இருட்டே தெரியாது தம்பி.” இதே கணக்கை இன்று கைப்பேசி நிமிட சுத்தமாகச் சொல்கிறது, ஆனால் கேட்டால்தான் சொல்கிறது. கேட்கத் தெரியாத எங்களுக்குக் கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தவர் அவர். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்துவிட்டு, தினமும் ஒரு தாள் கிழிபட்டு அது கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த சந்தோஷத்துக்கு ஈடாக எந்த முன்பதிவுச் சீட்டையும் சொல்ல மாட்டேன்.

திட்டத்தின் நடுநாயகம் தண்ணீர். புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு இல்லை. மழை பெய்தால் கண்மாயும் ஊருணியும் நிறையும், பொய்த்தால் அடிமண் வெடித்துக் கிடக்கும். செம்மண், சரளை, உடைமரம், கள்ளி, ஆவாரை, இவற்றுக்கு நடுவே, மேய்ந்து முடித்துப் படுத்துவிட்ட எருமைக் கூட்டம் போல நார்த்தாமலையும் குடுமியான்மலையும் சித்தன்னவாசலும். இது பாலைவனம் இல்லைதான். ஆனால் சித்திரை வெயிலில் வெறுங்கையோடு அந்தச் சரளையில் நடந்தவருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

என் தம்பி மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே மெக்சிகோ எல்லையோரம் பிக் பெண்ட் என்று ஒரு தேசியப் பூங்கா. சிவாவா பாலைவனத்துக்கு நடுவே சீசோஸ் மலைத்தொடர். அதன் உயர்ந்த சிகரம் எமரி, 2385 மீட்டர். அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், இடத்தை மாதக்கணக்கில் முன்னதாகப் பதிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று பூங்காக்காரர்களே அறிவுறுத்துகிறார்கள். இதை அவன் போனில் சொன்னபோது, நான் பதில் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். “என்ன பெரியப்பா, லைன்ல இருக்கீங்களா?” என்றான். கர்ணம் திண்ணையில் விரல் விட்டுச் சொன்ன கணக்கு காதில் ஓடிக்கொண்டிருந்தது. “ஏற ஒரு செம்பு, இறங்க ஒரு செம்பு, ராத்திரிக்கு ஒரு செம்பு, வழியில கேக்குறவுகளுக்கு ஒரு செம்பு. ஆளுக்கு நாலு.” பாலைவனத்தைப் படித்த நிபுணர்களும் எங்கள் கர்ணமும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த நாலாவது செம்பை யாருக்கு என்று எழுதினார்கள் என்பதில்தான் இரண்டு நாடும் பிரிகின்றன.

செம்புக் கணக்கில் சொன்னாலும் எடுத்துப்போக எங்களிடம் இருந்தவை இரண்டு தூக்குவாளிகளும், ராணுவத்திலிருந்து திரும்பிய ஒரு மாமாவின் துணியுறை போட்ட குடுவையும், சில கண்ணாடிப் பாட்டில்களும்தான். குடுவையின் உறையை நனைத்து விட்டால் உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும்; அதை யார் சுமப்பது என்பதில் போட்டி. ஒரு எவரெடி டார்ச். ஆளுக்கொரு போர்வை. பாம்புக்கும் செய்யானுக்கும் கையில் கம்பு. அந்தப் பாறைக்காட்டில் சுருட்டை விரியன் உண்டு, கல்லைப் புரட்டக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் ஒரே நிபந்தனை. சோற்றுக்குத் தாய்மார்கள் பொறுப்பு. வாழையிலையை அனலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. வாட்டிய இலையில், நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளிச்சோற்றை ஆறவைத்து இறுக்கிக் கட்டினால் மறுநாள் மத்தியானம் வரை கெடாது. பிரிக்கும்போது இலையின் பச்சை வாசமும் புளியும் எள்ளெண்ணெயும் சேர்ந்து எழும் மணம் இருக்கிறதே, அதற்காகவே பசியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். தம்பி மகனின் பையில் இப்போது புரதக் கட்டிகள் இருக்கின்றன. ஒன்றைத் தின்று பார்த்தேன். நடக்கத் தெம்பு தருகிறது, மறுக்கவில்லை.

பஸ்ஸில் மலையடிவாரத்துக்கே போய் இறங்கியிருக்கலாம். கர்ணம் சொன்னபடி முன்னாலேயே இறங்கி வயல்வெளியில் நடந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, “எங்கிட்டுத் தம்பி போறிய, மூட்டையும் முடிச்சுமா?” என்றார். மலைக்கு என்றதும், “சித்திரம் பாக்கவா? எங்க ஆத்தா காலத்துல மழைக்கு ஆடு ஒதுங்குற எடம் அது” என்று சொல்லிவிட்டு, கையை ஏந்தித் தண்ணீர் கேட்டார். நாலாவது செம்பு அங்கே தீர்ந்தது.

கர்ணத்தின் இன்னொரு கட்டளை, மத்தியானம் கிழக்கே இருக்க வேண்டும், பொழுது சாயும்போது மேற்கே வர வேண்டும். மலையேறி முகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்கியபோதுதான் அதன் காரணம் உடம்புக்குத் தெரிந்தது. முகடு வரை முதுகைச் சுட்ட வெயில், அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டென்று விலகியது. செங்குத்துப் பாறையின் மேலே, கிழக்கு நோக்கிய இயற்கைக் குகைத்தளம், அதுதான் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துப் போன வழி என்று சொல்வார்கள். உள்ளே 17 கற்படுக்கைகள். கருங்கல்லை இப்படி வழவழப்பாக்க எத்தனை நாள் தேய்த்திருப்பார்களோ, கையை வைத்தால் குளுமையாக வழுக்கிக்கொண்டு போகிறது. தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்தில் வெட்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஈதன் என்பவருக்காகச் செய்துகொடுத்த இருக்கை அது என்கிறது. எருமிநாடு மைசூர்ப் பக்கம் என்பது கல்வெட்டறிஞர்கள் பலரின் கருத்து. அங்கிருந்து இவ்வளவு தூரம் கால்நடையாக வந்து, இந்த வறண்ட சீமையில் இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்து, இந்தக் குன்றிலும் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காலை வெயில் குளிர் போக்கும். உச்சி தாண்டியதும் மலையே குடையாகிவிடும். கொஞ்ச தூரத்தில் நாவல் சுனை. ஒரு மலையில் தங்குவதற்கு நிழலும் நீரும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் என்றால் முதலில் அந்தச் சமணத் துறவிகளைச் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே துறவிகள் இருந்ததற்கு, திருநீலன், திருச்சாத்தன், பூர்ணசந்திரன் என்று படுக்கைகளுக்குப் பக்கத்தில் வெட்டிய பெயர்கள் சாட்சி. எங்களில் யாரும் அந்தப் படுக்கையில் படுத்துப் பார்க்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, சொல்லவும் இல்லை, மனம் வரவில்லை.

நான்கு மணிக்கு மேற்கே வந்தோம். முன்னாலுள்ள தூண் தாழ்வாரம் சமஸ்தானக் காலத்தில், அப்போது நிர்வாகியாக இருந்த டோட்டன்ஹாம் துரையின் யோசனைப்படி, குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்த தூண்களால் கட்டியது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மேற்கு பார்த்த கோயில். சாய்ந்த வெயில் வாசற்படியைத் தொட்டு நின்றது. அவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, அந்த வெயில் விழுந்த தரையில் உதறி விரித்தார். துண்டில் பட்ட வெளிச்சம் மேலே ஏறி விதானத்தில் பரவியது. அதுவரை வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் ஒரு தாமரைக் குளம் எழுந்து வந்தது. பச்சை இலைகள், அவற்றின் நரம்புகள், மொட்டு, பாதி மலர்ந்தது, முழுக்க மலர்ந்தது. நடுவே மீன், அன்னம், யானை, எருமை. பூப்பறிக்கும் மூன்று ஆண்கள், அவர்களில் ஒருவர் தண்டோடு தாமரையைத் தோளில் சாய்த்து எடுத்துப்போகிறார். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரண மண்டபத்தில் வரும் குளம் அது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். எனக்குப் பட்டது வேறு. தண்ணீருக்காகச் செம்புக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவர்களின் தலைக்கு மேலே, மழையே பார்க்காத பாறைக்குள், வற்றாத ஒரே குளத்தை அந்த ஓவியர் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு காவலாளி தூணில் மங்கிப்போன நடன மங்கையைக் காட்டினார். கை வீச்சும் இடுப்பின் வளைவும் மட்டும் மிச்சம். கருவறைக்குள் எங்களை நிறுத்தி, வாயை மூடி மெல்ல முனகச் சொன்னார். முனகினோம். பாறை திருப்பி முனகியது. அதிர்வு நெஞ்சுக்கூட்டில் கேட்டது. துண்டை மடித்துத் தோளில் போட்டதும் குளம் மறைந்துவிட்டது.

ராத்திரி பாறை மேலேயே படுப்பது என்பது திட்டம். அடிவாரத்தில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “பாறை நடுச்சாமம் வரைக்கும் சூடு கக்கும், அதுக்கப்புறம் மாசிப் பனி மச்சைத் துளைக்கும். களத்துல வைக்கோல் கெடக்கு, அதுல படுங்க.” களத்துமேட்டில் படுத்தோம். கர்ணம் சொன்னது சொன்னபடி, இருட்டு என்று ஒன்று வரவே இல்லை. வைக்கோலின் சூடு முதுகில், பனி முகத்தில். எதிரே நிலவில் வெளுத்த மலை. யாரும் அதிகம் பேசவில்லை. விடிய இன்னும் நேரம் இருக்கும்போது, பெரியவர் வீட்டிலிருந்து நீச்சத்தண்ணியும் சின்ன வெங்காயமும் வந்தன. பணம் நீட்டியதற்கு, “ஊருக்குப் போயிக் கடுதாசி போடுங்க” என்றார். போட்டோம். அவரும் பதில் எழுதினார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லி எழுத வைத்து.

அண்மையில் தம்பி மகன் மனைவியோடும் மகளோடும் ஊருக்கு வந்திருந்தான். பிக் பெண்டுக்கு வாங்கிய கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான், சித்தன்னவாசலில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமாம். நான் சொன்ன கதையின் வேலை அது. வாட்ஸ்ஆப்பில் குழு தொடங்கினான். பட்டியல், பொறுப்பு, மணிக்கணக்கு எல்லாம் ஒரே இரவில் முடிந்தன. ஒன்று மட்டும் முடியவில்லை. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். பூட்டிய பிறகு உள்ளே யாரும் இருக்க முடியாது, கூடாரம் அடிக்க முடியாது. காடுகளிலும் இன்று அப்படித்தான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் மாண்டபின், அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்துவிட்டிருக்கிறது. விதி வேண்டும். பெற்ற வயிறு எரிந்ததைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். சித்தன்னவாசலின் கதவும் வேண்டும்; இன்னும் முன்னதாகவே வந்திருக்க வேண்டிய கதவு அது. சுண்ணப் பூச்சின் மேல் தீட்டிய சித்திரத்துக்குக் கைப்பிசுக்கும் புகையும் கிறுக்கலும் எமன். 1940களில் தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன் கருவறை விதானத்தைத் துப்புரவு செய்தபோது அடியில் இன்னும் பழைய சித்திர அடுக்கு ஒன்று வெளிப்பட்டது. அப்போது கண்ணுக்குத் தெரிந்தவற்றில் எத்தனையோ, பெயரெழுதும் கைகளால் பின்னாளில் அழிந்துபோயின. அந்த மூன்று பூப்பறிப்பவர்களும் இன்றும் விதானத்தில் நிற்கிறார்கள் என்றால் பூட்டுக்கும் காவலுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே கூடாரத்தைக் காரிலேயே வைத்துவிட்டுப் பகலில் போனோம். சாலையோரம் பூங்கா, படகு சவாரி, குழந்தைகள் கூட்டம். டிக்கெட்டுக்குக் கட்டம் கட்டமான படத்தைக் கைப்பேசியில் பிடித்தார்கள். வழியில் பாதி நிலம் தைலமரக் காடு. அந்தக் காடுகளில் வரப்பு வெட்டி மழைநீரைத் தடுப்பதால் கண்மாய்க்கு வரத்து இல்லை என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் இடம் இன்னும் நிரம்பவில்லை. களத்துமேடு இருந்த இடம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் இந்த மலையைப் பற்றி எங்கள் வாயால் கேட்டதோடு சரி. உடன் வரக் கேட்டதற்கு வீடே சிரித்தது. அக்கா எங்களுக்காக வாழையிலை வாட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். இன்று தம்பி மகனின் மனைவிதான் முன்னால் ஏறினாள். அவர்கள் மகள் ஏழடிப்பட்டத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேத்தி முறையில் என்னை, “தாத்தா, மெதுவா வாங்க” என்று அதட்டினாள். அதைக் கேட்ட நிமிஷத்தில், பழைய காலத்தில் நான் திரும்பக் கேட்பது எது, வேண்டாம் என்று விடுவது எது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பூட்டு இல்லாத இரவு எனக்கு வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து படம் போட்டுக் கொடுத்த கர்ணம் வேண்டும். ஆடு மேய்த்த கிழவிக்குக் கொடுக்க நாலாவது செம்பு வேண்டும். ஏற்பாடு என்பது அன்று ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்வது. அதை நாம் கருவியிடம் ஒப்படைத்தபோது, தவறு நேராத பயணம் கிடைத்தது, வழியில் சந்திக்க வேண்டிய மனிதர்கள் கிடைக்காமல் போனார்கள்.

போகாதவர்கள் போய்ப் பாருங்கள். மாசி நல்லது, மார்கழியும் தையும்கூட ஏற்றவை, அக்கினி நட்சத்திரத்தில் வேண்டாம். உச்சி தாண்டியதும் கிழக்கே கற்படுக்கைகளிடம் போய் நிழலில் இருங்கள், வெயில் சாய்ந்ததும் மேற்கே தாமரைக் குளத்துக்கு வாருங்கள். சுவரையும் தூணையும் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். மூடும் நேரத்தைத் தொல்லியல் துறையின் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். வழியை மட்டும், கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள்.